உன் அத்தைக்கு நான் கூட்டி எழுதிய மூன்று வயது

நீ இதைப் படிக்கும்போது உனக்குப் பதினெட்டு வயது நடக்கும். கையில் ஏதாவதொரு விண்ணப்பப் படிவம் இருக்கும். இன்றைக்கு உனக்கு இரண்டு வயது. என் செருப்பில் ஒன்றைக் கொண்டுபோய்த் தண்ணீர் வாளிக்குள் போட்டுவிட்டு, மற்றதற்கும் வந்து நிற்கிறாய். நாளைக் காலை நான் மாவட்ட அரசாங்க அலுவலகமான பதுளைக் கச்சேரிக்குப் போய் ஒரு சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைக்கப்போகிறேன். அதன் பிறகு எனக்கு அரசாங்க உத்தியோகம் இருக்குமா என்று தெரியாது. ஊர் உனக்கு இந்தக் கதையைப் பல விதமாகச் சொல்லும், அதனால் நானே எழுதிவைக்கிறேன். பத்திரிகைக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன். உறையில் போட்டு ஒட்டி வைத்தால் இன்று சாயங்காலமே பயந்து கிழித்துவிடுவேன் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அப்பன்மார் பிள்ளைகளுக்கு எழுதும் கடிதங்களை நானும் வாசித்திருக்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் புத்தி. எனக்கு இருபத்தெட்டு வயது. அவ்வளவு புத்தி கையிருப்பில் இல்லை. ஒரு பெண்ணின் வயதைக் கெடுத்தேன், அதைத் திருத்தப் போகிறேன். விஷயம் அதுதான். இடையில் இந்த நாட்டு உயர்கல்வியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் என் தப்பு பலித்தது அங்கேதான்.

உன் அத்தை பத்மா பிறந்ததை யாரும் எழுதிவைக்கவில்லை. ஹல்துமுல்லைக்கு அந்தப் பக்கம் நாங்கள் கூலி வேலை செய்த தேயிலைத் தோட்டம். மழையில் பாலம் உடைந்த வருடம் பிறந்தாள். அதுதான் வீட்டில் இருந்த ஒரே ஆவணம். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு முடித்தாள். ஆறாம் வகுப்பு என்று ஒன்று அங்கே கிடையாது. அந்த நேரம் பார்த்து நாட்டில் பஞ்சம் வந்தது. மரவள்ளியும் இல்லாத நாட்கள் எங்கள் லயத்தில், அந்தக் கூலி வரிசை வீடுகளில், இருந்தன. செக்ரோல் என்கிற தோட்டத்துக் கூலிப் பதிவேட்டில் பெயர் விழுந்தால் வேலை, வேலை விழுந்தால் மாவு. பெயர் விழப் பதினான்கு வயது ஆக வேண்டும். நான் அப்போது கொழும்பில் தொழில்நுட்பப் படிப்புப் படித்துக்கொண்டிருந்தேன், லீவில் வந்திருந்தேன். அப்பாவோடு தோட்டத்து ஆபீஸ் ஜன்னலில் போய் நின்றேன். கிளாக்கர் தலையை நிமிர்த்தவில்லை.

"பொடிச்சிக்கு என்னா வயசு?"

"பதினொன்னுங்க ஐயா."

"அப்ப மூணு வருசம் கழிச்சு வா."

அப்பா ஜன்னலை விட்டு நகர்ந்து வந்து என்னிடம் சொன்னார்: "மூணு வருசம் கழிச்சு வர்றதுக்கு ஆளு இருக்கணும்ல?" பிறகு, "நீ படிச்சவன். எழுதுற மாதிரி எழுது" என்றார்.

எழுதினேன். பிறப்புப் பதிவே இல்லாத பிள்ளை என்பதால் காலம் கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். அந்தப் படிவத்தில் பிறந்த வருடத்தை மூன்று முன்னால் தள்ளினேன். அப்பா பெருவிரல் வைத்தார். அவருக்கு வாசித்து விளக்கியதாகவும், எழுதியதெல்லாம் என் அறிவுக்கு எட்டியவரை உண்மை என்றும் கீழே தமிழில் கையெழுத்துப் போட்டேன். பெருமையாகக்கூட இருந்தது, ஒளிக்கவில்லை. லயத்தில் வேறு யாருக்கும் அந்தப் படிவம் நிரப்பத் தெரியாது. அடுத்த மாதம் பத்மா சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் வரிசையில், நின்றாள். "பதினாலு வயசாம்! கூடைக்குள்ள எறக்கி விட்டா தலை வெளிய தெரியாது" என்று கங்காணி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்த மாவில் நாங்கள் பிழைத்தோம். அதனால்தான் இதைத் தப்பு என்று முழு வாயால் சொல்ல இத்தனை வருடம் ஆனது. எங்கள் தோட்டத்தில் பாதிப் பேருக்கு இப்படி இரண்டு வயது உண்டு. உடம்புக்கு ஒன்று, ஆபீசுக்கு ஒன்று. கொழுந்து எடுத்தே சாகப்போகிறவர்களுக்கு அதில் நட்டமில்லை. எங்கள் வீட்டிலும் எல்லாரும் கொழுந்து எடுத்தே சாவோம் என்று நான் எழுதிக் கையெழுத்து வைத்தேன். நானோ அப்போது கொழும்பில் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு விதி எழுதினேன், அவளுக்கு வேறொன்று.

இரண்டு வருடத்தில் எனக்குப் பதுளையில் உத்தியோகம் கிடைத்தது. பத்மாவைத் தோட்டத்திலிருந்து கூட்டிவந்தேன். இங்கே ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர், யாழ்ப்பாணத்துக்காரர், பத்திரம் எதையும் கேட்கவில்லை. சுண்ணக்கட்டியை அவளிடம் நீட்டி, "தேயிலைத் தோட்டத்துப் பிள்ளையோ? அப்ப சொல்லும் பாப்பம், ஒன்பது றாத்தல் கொழுந்து காஞ்சா ரெண்டு றாத்தல் தூள் வரும் எண்டால், முப்பத்தாறுக்கு எத்தினை?" என்றார்.

"எட்டுங்க. ஆனா மழை நாள்ல எட்டு வராது. கொழுந்துல தண்ணி நிக்கும்."

அவர் சிரித்துவிட்டு ஏழாம் வகுப்பைக் கைகாட்டினார். "வயசைப் பள்ளிக்கூடக் கந்தோரிலை எழுதக் குடுங்கோ. எனக்குத் தேவையில்லை." நீ வளர்ந்து எத்தனை கல்விக்கூடங்களின் வாசலில் நின்றாலும் இவரை நினைத்துக்கொள். என் அனுபவத்தில், உனக்கு என்ன தெரியும் என்று வாசலில் கேட்ட ஒரே மனிதர் இவர்தான்.

பத்மா படித்தாள். நான் சொல்லிக்கொடுத்ததாக ஊரில் பேச்சு, பொய். எனக்குப் பொறுமை கிடையாது. இரண்டாம் தடவை கேட்டால் கத்துவேன், அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விடுவாள். கணிதப் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதினாள், சித்தியடைந்தாள். பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி ஒரு மயிரிழையில் தட்டிவிட்டது. அந்தப் பல்கலைக்கழகங்களைப் பற்றி எனக்கு மரியாதை இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். என் வயதுக்குள்ளேயே பல்கலைக்கழகத்தை வளாகம் என்றார்கள், பிறகு வளாகத்தை மறுபடி பல்கலைக்கழகம் என்றார்கள். இரண்டு தடவையும் சீர்திருத்தம் என்று பெயர். பெயர்ப்பலகை எழுதுகிறவனுக்கு இரண்டு தடவை வேலை கிடைத்தது. ஒரு காலம் பரீட்சை எழுதிய மொழியைப் பார்த்துப் புள்ளி போட்டார்கள், பிறகு மாவட்டத்தைப் பார்த்து இடம் கொடுத்தார்கள். பின்தங்கிய மாவட்டம் என்று பதுளைக்கு ஒதுக்கிய இடம் எங்கள் தோட்டத்துக்கு என்று நினைத்தாயானால் நீ இன்னும் செருப்பை வாளிக்குள் போடுகிற வயதில்தான் இருக்கிறாய். வெளியூரிலிருந்து பிள்ளையைக் கடைசி இரண்டு வருடத்துக்கு இங்கே கொண்டுவந்து சேர்த்துப் பரீட்சை எழுத வைக்கத் தெரிந்த அப்பன்மாருக்கு அது. கல்வி இலவசம்தான். வாசல் வரைக்கும் இலவசம்.

சரி, பல்கலைக்கழகம் போனால் போகிறது, அரசாங்க உயர் தொழில்நுட்பப் படிப்பு ஒன்று இருக்கிறது, டிப்ளோமா தருகிறார்கள் என்று விண்ணப்பிக்க வைத்தேன். நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. நானும் போனேன். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். பெறுபேற்றுத் தாளைப் பத்மா முதலில் வைத்தாள், அதன்மேல் பிறப்புப் பத்திரத்தை வைத்தாள். மேலே இருந்ததை எடுத்தார்கள். அடியில் கிடந்ததைக் கடைசிவரை ஒருவரும் தொடவில்லை.

"இருபத்திரண்டு கடந்து அஞ்சு மாசமாச்சுது" என்றார் நடுவில் இருந்தவர். "வயதெல்லை இருபத்திரண்டு. பிள்ளை, நீர் ஒரு அஞ்சு மாசம் முந்தி வந்திருக்க வேணும்."

"அஞ்சு மாசத்துக்கு முந்தி ரிசல்ட் வரலைங்களே, சார்."

"அது உண்மைதான்" என்றார் அவர். நல்ல மனிதர். வருத்தத்தோடு சொன்னார், வருத்தத்தோடு பத்திரங்களைக் கட்டிக் கொடுத்தார். பத்மாவுக்கு அன்றைக்கு உண்மையில் பத்தொன்பது வயது. வெளியே வந்து அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் உடனே வயதெல்லையைத் திட்ட ஆரம்பித்தேன். பஸ் பதுளைக்கு வந்து சேரும்வரை திட்டினேன். முப்பது வயதில் ஒருவன் இயந்திரம் படிக்க வந்தால் இயந்திரம் ஓட மாட்டேன் என்று சொல்லிவிடுமா? முட்டாள்கள். அந்தக் கருத்தை இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அன்றைக்கு நான் திட்டியது அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொள்ள.

அடுத்து என்ன செய்தேன் தெரியுமா? தனியார் வாசலுக்குக் கூட்டிப்போனேன். பஜாரில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடி. வெளியே 'உயர் தொழில்நுட்பக் கல்லூரி' என்று பலகை. நடத்துகிறவர் தன்னைப் பணிப்பாளர் என்று எழுதிக்கொள்வார். வேலை முடிந்து பின்னேரங்களில் நான் அங்கே படிப்பித்துக்கொண்டிருந்தேன். அங்கே யாரும் வயது கேட்பதில்லை, புள்ளி கேட்பதில்லை, மாவட்டம் கேட்பதில்லை. கட்டணம் மட்டும் கேட்பார்கள். தோட்டங்களில் பென்ஷன் காசை எடுத்துக் கட்டிவிட்டு, பிள்ளை இஞ்சினியர் ஆகிவிட்டான் என்று பஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு போகும் தகப்பன்மாரை நான் பார்த்திருக்கிறேன். பத்மா வகுப்பறையின் கடைசியில் பச்சைச் சாயம் பூசி நின்ற லேத் மெஷினிடம் போனாள். விரலால் தடவிப் பார்த்தாள். விரலில் தூசி.

"அண்ணே, இது சுத்துமா?"

"இந்தக் கட்டடத்துக்கு அதுக்கேத்த கரண்ட் இன்னும் வரலை."

"எப்ப வரும்?"

"எழுதிப் போட்டிருக்காங்க."

"அப்ப இவ்வளவு நாளும் புள்ளைங்க இதுல என்னா செஞ்சாங்க?"

"படம் வரைஞ்சாங்க."

அவள் மேசையில் அடுக்கியிருந்த செய்முறைக் கொப்பிகளில் ஒன்றைத் திறந்தாள். இரும்புத் தண்டு கடைந்த விதம், எடுத்த அளவுகள், அவதானித்த பிழைகள், எல்லாம் அழகான எழுத்தில் இருந்தன. முந்தின வருடத்துக் கொப்பியைப் பார்த்து எழுதியது. அதற்கு முந்தினதைப் பார்த்து அது. ஓடாத மெஷினில் அவதானித்த பிழைகள்! ஒவ்வொரு பக்கத்திலும் 'செய்முறை பூர்த்தி' என்று சிவப்பு மையில் ஒரு கையெழுத்து. அவள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். "ஒங் கையெழுத்து அப்புடியே இருக்குண்ணே, மாறவே இல்ல" என்றாள். கொப்பியை மூடி வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

அந்த வாரமே அங்கே போவதை நிறுத்தினேன். பெரிய தியாகம் ஒன்றுமில்லை. அவமானம் தாங்கவில்லை, அவ்வளவுதான். பணிப்பாளர், "என்ன தம்பி, நீங்க இல்லாட்டி லேத்த யாரு படிப்பிக்கிறது?" என்று கேட்டார். சிரிக்காமல் கேட்டார். அதுதான் அந்த மனிதனின் திறமை.

இதற்குப் பிறகு கொழும்பிலிருந்து ஒரு குழு வந்தது. அரசாங்க உயர்கல்வியையும் தனியார் உயர்கல்வியையும் எப்படிச் சீர்திருத்தலாம் என்று மாகாணம் மாகாணமாகப் பொதுமக்களிடம் கேட்கிறார்களாம். நகர மண்டபத்தில் கூட்டம். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் எழுந்து, ஆங்கிலத்தில் படிப்பித்த காலம் பொற்காலம் என்று அரை மணி நேரம் ஆங்கிலத்தில் சொன்னார். ஒரு முதலாளி, தனியார் பல்கலைக்கழகம் கட்ட நிலமும் வரிச் சலுகையும் கொடுத்தால் நாடு முன்னேறும் என்றார். படிப்பிக்க ஆள் எங்கே என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரு வாலிபர் தனியார் என்ற சொல்லையே ஒழிக்க வேண்டும் என்று மேசையில் அறைந்தார். மூவருக்கும் கைதட்டினார்கள். தட்டியவர்கள் அதே ஆட்கள். கடைசி வரிசை வாங்கில் பத்மா உட்கார்ந்திருந்தாள். கை தட்டவில்லை.

நான் எழுந்தேன். எனக்குப் பேச்சு வராது, ஏச்சுத்தான் வரும். "அரசாங்கக் கதவில் தாளைப் பார்க்கிறீர்கள், தனியார் கதவில் காசைப் பார்க்கிறார்கள். பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பார்க்க இரண்டு கதவிலும் ஆள் இல்லை. முதலில் அந்த ஆளைப் போடுங்கள். வயதெல்லையைக் கிழித்துப் போடுங்கள். வேலை செய்துகொண்டு படிக்கிறவனுக்குப் பின்னேர வகுப்பு அரசாங்கமே நடத்தட்டும், எங்கள் மொழியில் நடத்தட்டும். தனியார் கல்லூரியை மூடவும் வேண்டாம், தூக்கித் தலையில் வைக்கவும் வேண்டாம். சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் போய், இந்த மெஷினை ஓட்டிக் காட்டு என்று கேளுங்கள். ஓடாவிட்டால் அந்தச் சான்றிதழ் செல்லாது. அரசாங்கக் கல்லூரிக்கும் அதே கேள்விதான். அங்கேயும் பாதி மெஷின் நிற்கிறது, எனக்குத் தெரியும், நான் அங்கே படித்தவன்" என்றேன். பிறகு பெயர் சொல்லாமல் ஒரு தோட்டத்துப் பெண்ணின் கதையைச் சொன்னேன். பத்திரத்தில் வயது தப்பாக ஏறிவிட்டது, அதனால் இடம் போய்விட்டது என்றேன்.

குழுவில் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அதுவரை தூங்குகிறார் என்று நினைத்திருந்தேன். "தப்பாக ஏறிவிட்டது என்றால், எழுதியது யார்?" என்று கேட்டார்.

அவ்வளவு பேசிய வாய்க்கு அந்த ஒரு கேள்வி போதுமாயிருந்தது. "தோட்டத்துக் கிளாக்கர்" என்றேன். மண்டபத்தில் எனக்கும் கைதட்டினார்கள்.

வெளியே வந்து பஸ் நிலையம் வரை நடந்தோம். பத்மா நிலக்கடலை வாங்கினாள், எனக்கும் பாதி கொடுத்தாள். கடலை முடிகிற நேரத்தில் சொன்னாள்: "அந்தக் கிளாக்கருக்குத் தமிழ்ல கையெழுத்துப் போட வராதுண்ணே."

நான் யாரையெல்லாம் இந்தக் கடிதத்தில் ஏசினேனோ, அவர்களையெல்லாம் விடக் கேவலமானவன் அன்றைக்கு அந்த றோட்டில் நடந்துபோனான். அந்தப் பணிப்பாளர் ஓடாத மெஷினைக் காட்டி ஊரை ஏமாற்றினார். நான் தெரிந்த உண்மையை வாயில் வைத்துக்கொண்டு சீர்திருத்தம் பேசினேன். பத்திரத்தைத் திருத்த வழி முதலிலிருந்தே இருந்தது. அப்பா காலமாகிவிட்டார். பொய் எழுதிய மற்ற ஆள் உயிரோடு வந்து, நான்தான் எழுதினேன், தெரிந்தே எழுதினேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். மாவட்டப் பதிவாளர் அன்றைக்கே விசாரித்துத் திருத்தி எழுதுவார், கேட்டுவிட்டேன். பொய்ச் சத்தியம் செய்தவன் அரசாங்க உத்தியோகத்தன் என்றால் அதைப் பதிவாளர் அவன் வேலை செய்யும் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும், அதையும் கேட்டுவிட்டேன். இந்த இரண்டாவது பதிலைத்தான் பத்தொன்பது வயதுப் பிள்ளையை ஒரு வருடம் வீட்டில் உட்கார வைத்துவிட்டு நான் மென்றுகொண்டிருந்தேன்.

போன கிழமை உன் அம்மாவிடம் சொன்னேன். உன் துணிகளைத் துவைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "வேல போயிட்டா இவனுக்கு என்னாங்க போட்டு வளக்கிறது?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. மெஷின் திருத்தத் தெரியும், தேயிலைத் தொழிற்சாலைகளில் கூப்பிடுவார்கள், பட்டறை போடலாம் என்று ஏதேதோ சொன்னேன். "கூப்பிடுவாங்களான்னு கேக்கல. போறதுன்னா போங்க. ஆனா நாளைக்கு வந்து, அவளுக்காக வேலைய விட்டேன், இவளுக்காக விட்டேன்னு என் வீட்டுல ஒரு பேச்சு வரக்கூடாது" என்றாள். அந்தப் பேச்சு இந்த வீட்டில் எப்போதாவது வந்திருந்தால், இந்தக் கடிதத்தை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டு. அதற்கும்தான் எழுதுகிறேன்.

பத்மாவிடம் சொல்வது அதைவிடக் கஷ்டமாயிருந்தது. அழுவாள், வேண்டாம் என்பாள், நான் வற்புறுத்த வேண்டியிருக்கும் என்று மனதுக்குள் ஒரு நாடகம் தயாரித்துவைத்திருந்தேன். அவள் கேட்டுவிட்டு, "எப்ப போற?" என்றாள்.

"திங்கக்கெழம."

"அந்த அரசாங்கப் படிப்புக்கு இந்த வருச விண்ணப்பம் வெள்ளிக்கெழமயோட முடியுது. திருத்துன பத்திரம் அதுக்குள்ள கைக்கு வருமா?"

"அன்னைக்கே தர்றேன்னாங்க."

"சரி. ஒன்னு சொல்றேன், கேட்டுக்க. ஒன் வேல போயிருச்சுன்னு நான் படிக்காம நின்னுருவேன்னு நெனச்சிராத. போவேன்." உன்னை இடுப்பிலிருந்து இறக்கி என்னிடம் தந்துவிட்டு உள்ளே போனாள். நன்றி என்ற சொல்லை அவள் உபயோகிக்கவில்லை. உபயோகித்திருந்தால் நான் அதை வாங்கி வைத்துக்கொண்டிருப்பேன், அப்படிப்பட்ட ஆள்தான் நான். நல்லவேளை.

அந்தக் குழுவின் அறிக்கை தடித்த புத்தகமாக வரும். நீ படிக்கப் போகும் காலத்தில் இன்னும் இரண்டு குழுக்கள் வந்து போயிருக்கும், பலகைகள் மறுபடி மாறியிருக்கும், துணிக்கடை மேல்மாடிகள் கண்ணாடிக் கட்டடங்களாக வளர்ந்திருக்கும். நீ கேட்க வேண்டியது பத்மா கேட்டதைத்தான்: இது சுத்துமா? வாசலில் நிற்கிறவன் பதில் சொல்லாமல் படம் காட்டினால் திரும்பி வந்துவிடு. அங்கே நிற்கிறவன் உன் அப்பனாக இருந்தாலும் வந்துவிடு.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, வெயில் நன்றாக இருக்கிறது. முன் அறையில் பத்மா விண்ணப்பப் படிவத்தை மேசையில் விரித்து வைத்து நிரப்பிக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்கப் போன சாக்கில் எட்டிப் பார்த்தேன். பிறந்த வருடம் என்ற கட்டத்தில் பாலம் உடைந்த வருடத்தை எழுதியிருக்கிறாள். வயது: இருபது. நான் இன்னும் சத்தியம் செய்யவில்லை. செய்யும்வரை அது பொய். அடித்தல் திருத்தல் உள்ள படிவங்கள் நிராகரிக்கப்படும் என்று மேலேயே அச்சிட்டிருக்கிறது. பென்சிலால் எழுதியிருக்கலாம். மையால் எழுதியிருக்கிறாள்.

உன் அப்பன்
பதுளை